ரத்தம் முன்கூட்டியே சொன்னது

கொரோனா இரண்டாம் அலையின்போது திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். வீடு ஸ்ரீரங்கம். நோயாளிகளின் ரத்தத்தில் நோயின் தீவிரத்தைக் காட்டும் சி.ஆர்.பி, ஃபெரிட்டின், டி-டைமர் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அவை எல்லாம் சேர்ந்து ஏறினால், இன்று நன்றாகப் பேசுகிறவருக்கும் சில நாளில் மூச்சு முட்டக்கூடும். அப்படி ஏறிய சிலரின் பெயரில் மறுநாள் ரத்தம் வராது. ஏன் என்று நாங்கள் கேட்டுக்கொள்வதில்லை.

அந்த நேரத்தில்தான் என் கணவர் முரளிக்குக் காய்ச்சல் வந்தது. அதே வாரம் ஜீயபுரத்தில் வாழை விவசாயம் பார்த்த என் அண்ணன் செல்வத்துக்கும் வந்தது.

அண்ணனிடம் போனில் கெஞ்சினேன். "ரத்தம் மட்டும் கொடுத்துட்டுப் போண்ணே."

"வெறும் சளிம்மா. ரெண்டு நாள்ல சரியாப் போயிடும். நீ மாப்பிள்ளையைப் பாரு" என்றார். அவர் வரவில்லை.

கணவரும் சம்மதிக்கவில்லை. விரலில் ஆக்சிமீட்டர் மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் சரியாகத்தான் இருந்தது. பிடிவாதமாக நானே வீட்டில் ரத்தம் எடுத்துக்கொண்டு போனேன்.

முடிவு வந்தது. எல்லாமே ஏறியிருந்தன. இயந்திரத்தில் தவறு இருக்கும் என்று திரும்பப் போட்டேன். அதேதான் வந்தது. 

டாக்டரிடம் காட்டினேன். "மூச்சுத் திணற ஆரம்பிச்சப்புறம் அலையக் கூடாதும்மா. இப்பவே சேர்த்துடணும். ஆனா பெட் இல்லையே" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் ரங்கநாதர் கோயில். ஊரடங்கால் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. ஆளில்லாத தெருவில், ராஜகோபுரத்துக்கு எதிரே நின்றேன். "ரங்கநாதா, ரெண்டு பேரையும் எனக்குக் கொடு" என்று மட்டும்தான் கேட்க வந்தது. முகக்கவசம் கண்ணீரில் நனைந்துவிட்டது.

வீட்டு வாசலை எட்டும்போது டாக்டர் கூப்பிட்டார். "ஒரு பெட் காலியாகியிருக்கு. உடனே கூட்டிட்டு வாங்க."

எப்படிக் காலியானது என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

"நல்லாத்தானே இருக்கேன்" என்று முணுமுணுத்தபடி கணவர் வந்தார். சேர்த்த மறுநாளே மூச்சு திணறத் தொடங்கியது. ஆனால் அதற்குள் மருந்து ஏறிக்கொண்டிருந்தது, ஆக்சிஜன் பக்கத்திலேயே இருந்தது. மிகவும் மோசமாகி, மெல்ல மெல்லத் தேறினார்.

அவர் உள்ளே போராடிக்கொண்டிருந்தபோது அண்ணி போன் செய்தார். அண்ணனைக் காரில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்திருக்கிறார். எங்கும் இடமில்லை. ஒரு மருத்துவமனை வாசலில், வண்டியிலேயே அண்ணன் போய்விட்டார். முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

கணவர் வீடு திரும்பிய பிறகு ஜீயபுரம் போனேன்.  அண்ணிதான் முதலில் பேசினார். "உன் வீட்டுக்காரரைப் பெருமாள் கொடுத்தாரு. என் வீட்டுக்காரர் மேல அவருக்கு என்ன கோவம்?"

அந்தக் கேள்வியை இன்றும் சுமக்கிறேன்.  ஆனாலும் நன்றி சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. மூச்சு முட்டும் முன்பே ரத்தத்தின் வழியாக எச்சரித்ததும், இல்லாத படுக்கையைக் கொடுத்ததும் அந்தப் பெருமாளின் கருணை என்றே நம்புகிறேன்.

முன்பெல்லாம் எனக்கு ரத்தம் அடைத்த சோதனைக் குழாய்கள் வெறும் வேலை. இப்போது ஒவ்வொன்றையும் இயந்திரத்தில் வைக்கும் முன், அதில் ஒட்டியிருக்கும் பெயரை மனதுக்குள் பெருமாளிடம் சொல்கிறேன். அந்தப் பெயருக்காக ஒரு வீடே காத்திருக்கும்.

கோயில் திறந்து பல மாதம் கழித்து ஒருநாள் அண்ணி தானாகவே கோயிலுக்கு வந்தார். "நான் கும்பிட வரல. அவரைக் கேக்க வந்தேன்" என்றார். சன்னதியில் கைகூப்பாமல் வெகுநேரம் அழுதார். அதன் பிறகு மாதம் தவறாமல் வருகிறார்.

உடம்புக்கு முடியாதபோது தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். பெருமாளிடமும் போங்கள். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். கோபத்தோடு போனாலும் பரவாயில்லை. அண்ணி அப்படித்தான் வந்தார்.