அலுமாரிக் கண்ணாடியில் தெரிந்தவர்

பாலையூற்றில் வசிக்கும் மெல்ரோயுடன் உட்கார்ந்து தொலைக்காட்சி நாடகம் பார்க்க அவர் வீட்டில் எவருக்கும் பொறுமை இல்லை. மகள் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போகிற காட்சியில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் மெதுவாக ஒன்றைச் சொல்வார்: வாசலில் நிற்கும்போது பை வலது தோளில் இருந்தது, படலையைத் தாண்டும்போது இடது தோளுக்கு வந்துவிட்டது. மனைவி றொஷானி ரிமோட்டை அவர் மடியில் போட்டுவிட்டுக் குசினிக்குள் சமையலைப் பார்க்கப் போய்விடுவார்.

மெல்ரோயின் தொழில் குளிர்சாதனப் பெட்டி திருத்துவது. ஒருமுறை ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டு மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தபோது பிடித்த பழக்கம் இது. மேலே எட்டிப் பார்க்கும் மைக், சுவரில் நகரும் கமராக்காரரின் நிழல், எவ்வளவு குடித்தாலும் குறையாத தேத்தண்ணி. எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. கால் சுகமாகி வேலைக்குப் போன பிறகும் பழக்கம் போகவில்லை. முகநூலில் 'பாத்தீங்களோ' என்று ஒரு பக்கம் தொடங்கினார். பிழை தெரிகிற இடத்தை வெட்டி எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு, பின்னால் ஒரு சிரிப்புச் சத்தத்தையும் சேர்த்துப் போடுவார். கனடாவில் இருக்கிறவர்களும் பார்த்துச் சிரித்தார்கள்.

அவற்றில் அதிகம் பேர் பார்த்தது உப்புவெளியில் எடுத்த ஒரு நாடகத்தின் துண்டு. விடுதி அறையொன்றில் கதாநாயகி அழுகிறாள். அவளுக்குப் பின்னால் அலுமாரிக் கண்ணாடியில் ஒரு மனிதர் தெரிகிறார். அவள் முகத்தில் வெளிச்சம் விழுவதற்காக வெள்ளித்தாள் ஒட்டிய பலகையை ஏந்திப் பிடித்திருக்கிறார். அவள் அழ அழ அவருக்கும் கண் கலங்குகிறது. கை இரண்டும் பலகையில் இருப்பதால் கண்ணைத் தோளில் துடைக்கிறார். மெல்ரோய் அந்த முகத்தைச் சுற்றி வட்டம் போட்டு, 'இவருக்கும் ஒரு பாத்திரம் குடுங்கோ, நல்லா நடிக்கிறார்' என்று எழுதினார். துண்டு ஊரெல்லாம் சுற்றியது. தொலைக்காட்சிக்காரர்களுக்கு வெட்கமாகிவிட்டது. யூடியூப்பில் இருந்த அந்தப் பகுதியை எடுத்துவிட்டு, காட்சியை வெட்டி மறுபடி ஏற்றினார்கள். மெல்ரோய்க்கு அது பெரிய வெற்றியாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு பெண் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஊர் உப்புவெளி, பெயர் இன்பமலர். றொஷானி விறாந்தையில் கதிரை போட்டார். கண்ணாடியில் தெரிந்தவர் தன் கணவர் ஞானசேகரம் என்று அவர் சொன்னதும், ஏச்சு விழப்போகிறது என்றே மெல்ரோய் நினைத்தார். ஏச்சு விழவில்லை. ஞானசேகரம் கலியாண வீடுகளுக்கு லைட் கட்டுகிறவர். நாடகக்காரர்கள் வந்தபோது ஒரு கிழமை அவர்களுடன் வேலைக்குப் போயிருந்தார். போன மாரியில் நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டார்.

"வீட்டில வீடியோ எவ்வளவோ கிடக்கு தம்பி," என்றார் இன்பமலர். "எல்லாம் அவர் எடுத்தது. போனை ஒருத்தரிட்டயும் குடுக்கமாட்டார். அதால ஒண்டிலயும் அவர் இல்லை. அவர் அசையிற படம் எண்டு இருக்கிறது இது மட்டும்தான். அந்த வட்டமும் சிரிப்பும் இல்லாமல் தர ஏலுமோ?"

மெல்ரோயிடம் அது இல்லை. போனில் இடம் போதாமல் அசலை அழித்திருந்தார். யூடியூப்பில் இருந்ததும் அவராலேயே போய்விட்டது. தேடிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அந்தப் பெண் போன பிறகு மெல்ரோய் போனை எடுத்துத் தன் துண்டை ஓடவிட்டார். எத்தனையோ தரம் பார்த்த முகம். இந்த மனிதருக்கு ஒரு பெயர் இருக்கும், ஒரு வீடு இருக்கும் என்று ஒருதரமும் தோன்றியதில்லை.

மறுநாள் கொழும்பில் உள்ள தொலைக்காட்சி நிலையத்துக்குப் பேசினார். ஆள் மாறி ஆள் கேட்டு, கடைசியில் அந்த நாடகத்தின் படத்தொகுப்பாளர் தர்சிகாவிடம் கொடுத்தார்கள். மெல்ரோய் தன் பக்கத்தின் பெயரைச் சொன்னார்.

"உங்கட பதிவால நான் எவ்வளவு ஏச்சு வாங்கினனான் தெரியுமோ?" என்றார் தர்சிகா.

கண்ணாடியில் ஆள் தெரிவது தனக்கு முதலே தெரியும் என்றார். அந்தக் காட்சியைப் பல தரம் எடுத்தார்களாம். ஆனால் அந்த ஒரு தரம்தான் நடிகை உண்மையாக அழுதாராம். அதற்காகவே தெரிந்துகொண்டே அதைப் போட்டாராம். அப்படியும் ஒரு காரணம் இருக்கலாம் என்று மெல்ரோய் யோசித்ததே இல்லை. பிறகு இன்பமலர் வந்ததைச் சொன்னார். பழைய பதிவுகளுக்குள் கிடக்கலாம், தேடுகிறேன் என்று சொல்லித் தர்சிகா போனை வைத்துவிட்டார்.

அடுத்த கிழமை அனுப்பினார். வந்தது வெட்டாத முழுப் பதிவு. மெல்ரோய் அதை மடிக்கணினியில் போட்டு எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் உப்புவெளிக்குப் போனார்.

அழுகை தொடங்க முன்னமே கமரா ஓடியிருந்தது. கண்ணாடிக்குள் ஞானசேகரம் பலகையைத் தூக்குகிறார், காலை மாற்றி நிற்கிறார், யாரோ சொன்னதற்குச் சிரிக்கிறார், கொட்டாவி விடுகிறார். பிறகு அவள் அழ, இவரும் கலங்குகிறார். 'கட்' என்று சத்தம் வந்ததும் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

இன்பமலர் திரைக்கு மிக அருகில் குனிந்து பார்த்தார். திடீரென்று அவருக்குச் சிரிப்பு வந்தது.

"சேட்டுப் பொத்தானைப் பாருங்கோ தம்பி. மாறிப் பூட்டியிருக்கிறார். நான் அண்டைக்கு அம்மாவைப் பாக்க மூதூருக்குப் போனனான். வீட்டில நிண்டிருந்தால் இப்பிடி வெளியில விட்டிருக்கமாட்டன்."

மெல்ரோய் பார்த்தார். உண்மைதான், கழுத்தடியில் ஒரு பக்கம் உயர்ந்து நின்றது. அத்தனை தரம் பார்த்தும் அவர் கண்ணில் அது படவில்லை. மறுபடி போடச் சொன்னார் இன்பமலர். முடிய, இன்னொரு தரம் போடச் சொன்னார்.

வட்டம் போட்ட அந்தத் துண்டைப் பக்கத்திலிருந்து மெல்ரோய் அழித்துவிட்டார். 'பாத்தீங்களோ' இன்றைக்கும் நடக்கிறது. ஆனால் ஆட்களின் முகம் தெரிகிற பிழை வருவதில்லை. முந்தின சுவாரசியம் இல்லை என்று சிலர் குறைப்படுகிறார்கள். சில பிழைகளை அவர் தர்சிகாவுக்கு மட்டும் அனுப்புகிறார். சிலதைத் தர்சிகா திருத்திவிடுவார். சிலதுக்கு, "அது தெரியும் அண்ணா, இருக்கட்டும்" என்று பதில் வரும். அப்படிப் பதில் வந்தால் மெல்ரோய் அந்தக் காட்சியை முதலிலிருந்து மறுபடி பார்ப்பார், ஏன் இருக்கட்டும் என்றார் என்று தேடிக்கொண்டு.