பிலோமியின் ரெண்டு டிஸ்க் கம்ப்யூட்டர்

கல்மண்டபத்துச் சந்தில் ஸ்டிக்கர் கடை வைத்திருந்த பிலோமிக்கு அது உயிர்போகும் சீசன். மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிறது. புதுப் பெயின்ட் அடித்த படகுகளுக்குப் பெயர் ஒட்ட ஆள்மேல் ஆள் வந்துகொண்டிருந்தார்கள்.

சிக்கல் அவளுடைய பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் விண்டோஸ் எக்ஸ்பி சொன்னால்தான் அசையும். ஜனங்கள் போனில் அனுப்பும் டிசைன்களோ எக்ஸ்பியில் திறக்கவே மாட்டேன் என்றன. எல்லாவற்றையும் கடாசிவிட்டுப் புதுசு வாங்கு என்றார்கள். பிலோமி கேட்கவில்லை. யூடியூபைப் பார்த்துப் பார்த்து, இன்னொரு ஹார்டு டிஸ்க்கைத் தேடிப் பிடித்தாள். அந்த டிசைன்களைத் திறக்க, அதில் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தைப் போடப்போகிறாள்.

அன்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பெட்டியைப் பிரித்தாள். கைதவறி எக்ஸ்பி அழிந்தால் பிழைப்பு போச்சு. அதனால் அந்த டிஸ்க்கின் வயரை முதலில் பிடுங்கினாள். பக்கத்துத் தையல்கடை ஜீனத் குனிந்து உள்ளே வந்தாள்.

"இன்னாக்கா, வவுத்தக் கிழிச்சு வெச்சிகினு கீற?"

"பேசாத. இந்த ஸ்க்ரூவப் புடி."

இன்னொரு டிஸ்க்கில் லினக்ஸ் ஏறியது. எக்ஸ்பியின் வயரைத் திரும்பச் செருகினாள். ஆன் செய்து ஒரு பட்டனை அழுத்த, எந்த டிஸ்க் வேண்டும் என்று திரை கேட்டது. எக்ஸ்பியைத் தேர்ந்தெடுத்தாள், பழைய இசையோடு அப்படியே எழுந்தது. அணைத்துவிட்டு லினக்ஸ்; படகுக்காரர் செல்வநாதன் அனுப்பிய சுறா டிசைன் பளிச்சென்று திறந்தது.

"ஒரே வூட்ல ரெண்டு குடித்தனம்!" என்று ஜீனத் கத்த, இருவரும் கைகோத்துக் குதித்ததில் ஸ்டிக்கர் ரோல்கள் உருண்டோடின.

ஜீனத் போன பிறகும் பிலோமிக்கு அடங்கவில்லை. இதைப் போடுவாள், அணைப்பாள், அதைப் போடுவாள். சோறு மறந்தே போனது. சுறாவை எக்ஸ்பிக்குப் புரியும் ஃபைலாக மாற்றி, பென் டிரைவில் எடுத்துக்கொண்டு கடைசியாக எக்ஸ்பிக்கு வந்தபோது, மூலையில் மணி இன்னும் பதினொன்றுகூட ஆகவில்லை. நேரம் கொட்டிக்கிடக்கிறதே என்று சுறாவுக்கு ஒவ்வொரு பல்லாகச் சீவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஷட்டரைத் தட்டிக்கொண்டு செல்வநாதன் வந்தார்.

"பேரு ரெடியாம்மா?"

"இன்னாண்ணே, சாய்ந்தரம்னு சொல்ட்டு மத்தியானமே வந்துகீறீங்க?"

"மத்தியானமா? வெளிய வந்து பாரு தாயி."

எட்டிப் பார்த்தாள். தெருவிளக்கு எரிந்தது. போனை எடுத்துப் பார்த்தால் ஐந்தரை மணி நேரம் காணாமல் போயிருந்தது. பெட்டிக்குள் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ், நம் நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் பிந்திய உலகப் பொது நேரத்துக்குத் திருப்பி வைத்திருக்கிறது. எக்ஸ்பி அதையே நம்மூர் நேரமென்று நம்பிக் காட்டியிருக்கிறது. விஷயம் புரிந்ததும் பிலோமிக்குச் சிரிப்பு பீறிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். செல்வநாதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் அவளைப் பார்த்து அவரும் சிரித்தார்.

"குந்துண்ணே, ஒரு டீ குடிக்கிற நேரம்."

மெஷின் கிர்ரென்று ஓடியது. 'ஜெனி மேரி' என்று நீல எழுத்துகள் ஒவ்வொன்றாக நழுவி வந்தன. பின்னாலேயே முழுப் பல்வரிசையோடு சுறா. செல்வநாதன் அதைத் தடவிப் பார்த்தார். "யம்மாடி, கடிச்சிரும் போலகீது!"

மறுநாள் ஜீனத் முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தாள். வீட்டில் செத்துப்போன லேப்டாப்பின் டிஸ்க்.

"இத்தையும் மாட்டுக்கா, இன்னா வருதுன்னு பாப்பம்."

பிலோமி ஏற்கெனவே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டிருந்தாள்.