ஆயிரத்து ஒன்றாம் நம்பர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரு கேஸ் ஏஜென்சிக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். புது இணைப்பு கேட்டு வருகிறவர்களைப் பதிந்து நம்பர் கொடுக்க வேண்டும். சேலையூரில் அவர்களுக்கு ஒரு கிளை இருந்தது. இரண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவே லைன் கிடையாது. விவரமெல்லாம் பிளாப்பியில் ஏறி பஸ்ஸில்தான் போய்வரும். ஒரே நம்பர் இரண்டு பேருக்குப் போய்விடக் கூடாதே என்று முன்கூட்டியே மொத்தமாகப் பிரித்து ஒதுக்கினேன். தாம்பரத்துக்கு ஒன்றிலிருந்து ஆயிரம், சேலையூருக்கு அதற்கு அடுத்த ஆயிரம்.

"நம்பர் சும்மா அடையாளம்தான் சார். யார் முதல்ல வந்தாங்கன்னு தேதியைப் பாருங்க" என்று மேனேஜரிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

சேலையூரில் பதிவு தொடங்கிய அன்றே முதல் ஆளாகப் போய் நின்றவள் என் மனைவி. நம்பர் 1001. மண்ணெண்ணெய் ஸ்டவ்வோடு மல்லுக்கட்டி அவளுக்கு இருமல் தீராமலே இருந்தது. இரண்டு மாதம் கழித்துத் தாம்பரத்தில் பதிந்த அவள் வேலை பார்க்கும் பள்ளியின் இன்னொரு டீச்சருக்கு சிலிண்டர் வந்துவிட்டது. இவளுக்கு வரவில்லை.

மேனேஜரிடம் போனேன். லிஸ்டை நம்பர்படிதான் அடுக்கியிருந்தார்.

"தாம்பரத்துல ஆயிரம் முடியட்டும் சார். அப்புறம் உங்க வூட்டம்மாதான் ஃபர்ஸ்ட்டு."

"இங்க அறுநூறுதானே ஆகியிருக்கு? மீதிப் பேர் இன்னும் வரவே இல்லையே."

"வருவாங்க சார். இன்னா அவசரம்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் வராத நானூறு பேருக்குப் பின்னால் என் மனைவியை நிறுத்தி வைத்திருக்கிறார். தேதிப்படி லிஸ்ட் எடுக்கப் புரோகிராமில் ஒரு வரி மாற்றினால் போதும் என்றேன்.

"பெரிய நம்பர முன்னாடி வுட்டா கவுண்டர்ல சண்டை வரும். பேஜார் சார்" என்று முடித்துவிட்டார்.

வீட்டில் சொன்னேன். மறுநாள் அவள் பள்ளிக்கு லீவு போட்டு, தாம்பரத்துக்கு பஸ் ஏறினாள். பழைய பதிவை ரத்து செய்துவிட்டு அங்கேயே புதிதாகப் பதிந்தாள். நம்பர் 612. சில நாளில் சிலிண்டர் வந்து இறங்கியது. சேதி தெருவில் பரவி, சேலையூர்க்காரர்கள் எல்லாரும் தாம்பரத்துக்குக் கிளம்பிவிட்டார்கள்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "சேலையூர்ல உங்க நம்பரெல்லாம் தண்டமா கெடக்குது. இன்னா சார் புரோகிராம் இது?"

பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். புது அடுப்பில் போட்ட காபியை மனைவி நீட்டினாள்.

"முதல் ஆளா போனதுதான் என் தப்பாங்க?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

காபி ஆறிக்கொண்டிருந்தது.