சிடுமூஞ்சிக்கு ஒரு பச்சை டிக்

மருந்துக்கடையில் பில் போடும் அந்தப் பெண்ணுக்கு வீட்டில் 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். எதையும் நிதானமாகச் செய்தால் பாவம் என்று நினைக்கிற பிறவி. அக்கா வீட்டில்தான் ஜாகை. கடை முடிந்து வந்ததும் மடிக்கணினியைத் திறந்து, இணையதளம் செய்யக் கற்றுக்கொண்டிருந்தாள்.

அக்காவின் கணவர் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவர். பார்வை போனபிறகு வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். காதால் செய்கிற வேலைக்குக் கண் எதற்கு என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. பயிற்சிக்காக ஒரு தளம் செய்தாக வேண்டும். அதை அத்தானுக்கே செய்துவிட்டால் அவருக்கு மறுபடி வேலை வரும் என்று எக்ஸ்பிரஸ் முடிவெடுத்தாள். நல்ல எண்ணம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

பக்கத்தை முடித்து, வகுப்பில் கொடுத்த சோதனைக் கருவியில் போட்டால், அத்தானின் புகைப்படத்துக்கு நேராகச் சிவப்புக் கோடு. படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்காக, அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுத வேண்டுமாம். அந்த வரி திரையில் தெரியாது. தெரியாத வரிக்கு யார் மெனக்கெடுவது? 'சிடுமூஞ்சி' என்று தட்டிவிட்டாள். அக்காவும் தங்கையும் சமையலறையில் அவருக்கு வைத்திருந்த பெயர் அது. சிவப்பு போய்ப் பச்சை டிக் விழுந்தது. ஏதாவது எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கிற கருவிக்கு, என்ன எழுதியிருக்கிறது என்று எப்படித் தெரியும்? எக்ஸ்பிரஸ் சீட்டியடித்தபடி எழுந்து போனாள். அந்த வார்த்தையைச் சுத்தமாக மறந்தும் போனாள்.

விடுமுறை நாளன்று அத்தானை அவருடைய கணினி முன் உட்காரவைத்தாள். திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கிற கணினி.

"ஊருக்குக் காட்டறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை கேட்டுடுங்க அத்தான்."

அக்கா ஈரக் கையோடு வந்து நின்றாள். அவர் அம்புக்குறியை அழுத்த அழுத்த, குரல் அவர் பெயரை வாசித்தது, அனுபவத்தை வாசித்தது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு அதே குரல், தெளிவாக, "படம். சிடுமூஞ்சி" என்றது.

எக்ஸ்பிரஸுக்கு அப்போதுதான் அந்த வார்த்தை ஞாபகம் வந்தது. யார் கண்ணிலும் படாது என்ற தைரியத்தில் எழுதியது. கண்ணால் பார்க்காமல் காதால் கேட்கிற ஆள் அந்த வீட்டிலேயே இருக்கிறார் என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். என்னையும் சேர்த்து மாட்டிவிட்டாயே என்று அக்கா ஒரு பார்வை பார்த்தாள்.

"அத்தான், அது வந்து... சும்மா விளையாட்டுக்கு..."

"உங்க அக்கா வச்ச பேரா, நீ வச்சதா?"

அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"கண்ணுதாம்மா போச்சு. சமையலறைக்கும் இந்த ரூமுக்கும் நடுவுல இருக்கிறது ஒரே ஒரு சுவரு." குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் அவள் அழுதாவது தீர்த்திருப்பாள். "அது கிடக்கட்டும். என்னைக் கூப்பிடறதுக்கு ஒரு பட்டன் வச்சிருக்கேன்னியே, எங்க?"

பட்டன் பட்டனாகத் தாவவைக்கும் டேப் விசையை அழுத்தினார். குரல் பட்டனைத் தாண்டிப் போனது. மறுபடி அழுத்தினார், மறுபடியும் தாண்டியது. அவள் செய்தது பட்டனே இல்லை, பட்டன் மாதிரி வண்ணம் பூசிய கட்டம். மௌஸை வைத்தால் துள்ளும், நிறம் மாறும், ஃபோன் நம்பரைக் காட்டும். அந்தத் துள்ளலுக்காக அவள் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்திருந்தாள். விசைப்பலகையோடு வருகிறவருக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

"சரி பண்ணித் தரேன் அத்தான்" என்றாள். தன் குரலே அவளுக்குக் கேட்கவில்லை.

பட்டனை நிஜப் பட்டனாக்குவது சுலபமாக முடிந்தது. படத்துக்குத்தான் வரி வரவில்லை. எழுதுவதற்காக, தானே எடுத்த படத்தை முதல்முறையாக உற்றுப் பார்த்தாள். திறந்த பியானோவின் மேல் குனிந்து ஒரு காதைக் கம்பிகளுக்குக் கொடுத்திருக்கிறார். நெற்றி சுருங்கி, புருவம் நெரிந்து, உதடு இறுகியிருக்கிறது. சாப்பாட்டு மேசையில் இதே முகம்தான். அக்கா பேசும்போதும், வாசலில் காலடி கேட்கும்போதும் இதே முகம்தான். இத்தனை நாளாகச் சிடுசிடுப்பு என்று இருவரும் சிரித்தது, ஒரு மனிதர் கவனித்துக் கேட்பதைப் பார்த்து. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

மாலையில் குரல் வாசித்தது: "படம். பியானோவின் மேல் குனிந்து, கம்பிகளின் ஓசையைக் கூர்ந்து கேட்கிறார்." அத்தான் டேப்பை அழுத்தினார். பட்டன் அகப்பட்டது, எண்ணைச் சொன்னது. தலையாட்டிவிட்டு மறுபடி படத்துக்கே வந்தார்.

"எங்க, சிடுமூஞ்சியைக் காணோம்?"

அக்கா சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

"எடுத்துட்டேன் அத்தான்."

"அப்போ இனிமே சமையலறையில எனக்கு என்ன பேரு?"

நெற்றியைச் சுருக்கி, புருவத்தை நெரித்து, பதில் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.