காலியாக விற்கப் போன பென்டிரைவ்

மலை மேல் இருக்கிற ஜமுனாமரத்தூரில், செல்போன் கடை வாசலில் பேனர் கட்டி, பலூன் ஊதி, நாற்காலி போட்டு உட்கார்ந்தாயிற்று. மதியச் சாப்பாட்டு நேரமும் வந்துவிட்டது. ஒரு பீஸ்கூட நகரவில்லை.

நான் போளூர் ஏரியா சேல்ஸ் பார்க்கிறவள். மெமரி கார்டும் பென்டிரைவும் விற்றே தலை நரைத்தவள். அன்று லாஞ்ச் ஆனது எங்கள் கம்பெனியின் புது பென்டிரைவ். ஒரு முனை கம்ப்யூட்டருக்கு, மறுமுனை நேராக போனுக்கு. புத்தாண்டுக்கு எல்லா ஊரிலும் ஒரே நாளில் இறக்க வேண்டும் என்பது சென்னை மேனேஜரின் திட்டம். செங்கத்திலும் கலசப்பாக்கத்திலும் நன்றாகவே போனது. மலையில் மட்டும் ஈ ஓட்டினோம்.

கடை செல்வியுடையது. ஒரு சார்ஜர் தீர்ந்தால்கூடக் கடையைப் பூட்டிவிட்டு, பஸ் பிடித்து போளூருக்கு இறங்கிக்கொண்டிருந்தவள். அந்த வருடம்தான் நான் மேனேஜரிடம் சண்டை போட்டு மலையை டெலிவரி ரூட்டில் சேர்த்திருந்தேன். "லாஞ்ச் ஸ்டாக் ஓடலன்னா மலை ரூட்டை கட் பண்ணிடுவேன் மேடம்" என்று அவர் அப்போதே சொல்லிவிட்டார். செல்வி பேனரையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ள இன்னா கீது?

சாயங்காலம் ராமன் என்கிற விவசாயி வந்தார். போனில் இடமில்லை என்று புலம்பினார். விடுவேனா? டப்பாவை அவர் கையில் வைத்தேன்.

"உள்ள இன்னா கீது?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க. முழுக்கக் காலி. நீங்கதான் போட்டுக்கணும்."

அவர் டப்பாவைத் திருப்பி என்னிடமே நீட்டினார். "இன்னாமா இது? பக்கத்து வூட்டுல கூடை வாங்குனாலே வெறுங்கூடையா திருப்பித் தர மாட்டோம். ஒரு புடி சாமையாவது போட்டுக் குடுப்போம். நீ துட்டும் வாங்கிக்கினு காலியா குடுக்குறியே!"

செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் நிமிர்ந்து பேனரைப் பார்த்தேன். 'முழு இடமும் காலி! உங்களுக்கே!' என்று யானை சைஸ் எழுத்தில் கத்திக்கொண்டிருந்தது. எங்கள் தொழிலில் அதுதான் பெருமை. யாருக்குப் பெருமை என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

"சரிண்ணா, உள்ள இன்னா இருந்தா வாங்குவ?" என்றாள் செல்வி.

"என் எருது ஓடுனது இருந்தா வாங்குவேன்."

தை பிறந்தபின் அவர்கள் ஊரில் எருது விடும் விழா. செல்விதான் வருடா வருடம் மாடியில் நின்று வீடியோ எடுப்பாள். எருதுக்காரர்கள் எல்லோரும் கேட்பார்கள். மலையில் இருக்கிற சிக்னலுக்கு அந்த வீடியோ எங்கே போகும்?

பேனரை இறக்கினோம்

மேனேஜருக்கு போன் போட்டேன். லாஞ்சை நிறுத்துகிறேன், விழா முடிந்து திரும்ப வைக்கிறேன் என்றேன்.

"புத்தாண்டு ஆஃபரை விட்டுட்டு மாட்டுக்காகக் காத்திருக்கிறதா?" என்று எகிறினார்.

"அப்பவும் ஓடலன்னா ரூட்டை நானே எழுதி கட் பண்ணிடறேன் சார்." சொன்ன பிறகுதான் செல்வியின் முகத்தைப் பார்த்தேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

விழாவுக்கு மறுநாள் கடை வாசலில் டிவியை வைத்து எருதுகளை ஓடவிட்டோம். புது பேனரில் 'இந்த வருஷ எருது விடும் விழா உள்ளே' என்று மட்டும் இருந்தது. செல்வி வீடியோவை ஒவ்வொரு பென்டிரைவிலும் காப்பி பண்ணிப் பண்ணிக் கொடுக்க, பின்னால் லைன் நின்றது. ராமனின் எருதுக்குப் பரிசு கிடைக்கவில்லை. அது தடுப்புக் கட்டையில் உரசிக்கொண்டு ஓடியதை நாலு முறை போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, இரண்டு பீஸ் வாங்கினார். ஒன்று திருப்பூரில் வேலை செய்கிற மச்சானுக்காம். பொழுது சாய்வதற்குள் ஸ்டாக் காலி. செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

புதிதாக சேல்ஸுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். லாஞ்ச் தேதியைக் காலண்டரில் தேடாதீர்கள். வாங்குகிறவர் அதில் முதலில் எதைப் போடுவார், அது எப்போது அவர் கைக்கு வரும் என்று விசாரியுங்கள். தேதி தானாக வரும்.

ரூட் வண்டி இன்றும் மலை ஏறுகிறது. அடுத்த மாடல் வந்தபோது மேனேஜரே கூப்பிட்டார். "மேல எப்ப இறக்கலாம்னு அந்தம்மாவையே கேட்டுச் சொல்லுங்க மேடம்" என்றார்.

கேட்டேன். "எல்லாரும் மரத்து மேல கீறாங்கக்கா. புளி உலுக்கி, வித்த துட்டு கைக்கு வரட்டும்னு சொல்லு" என்றாள் செல்வி.

அப்படியே சொன்னேன். சென்னை ஆபீஸ் காத்திருந்தது.