குதிரையைத் தேய்க்கும் ஒரு வினைச்சொல்

கணினித் திரையில் ஒரு வரியை மேடம் விரலால் மறைத்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நான் அழித்துவிடுவேனோ என்று அவருக்குப் பயம். மும்பை விக்ரோலியில், வெளிநாட்டுப் புத்தகங்களுக்கு அச்சுப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் அலுவலகம் எங்களுடையது. அவர் பிழை பார்ப்பவர். நான் பக்கம் அமைப்பவன். அப்போது எங்கள் கைக்கு வந்திருந்தது லூவிய மொழி அகராதி. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் இன்றைய துருக்கிப் பக்கம் பேசப்பட்டு, களிமண் பலகைகளில் எழுதப்பட்டு, பிறகு பேச ஆளில்லாமல் போன மொழி. தாராவியில் பிறந்தவனுக்கும் லூவியருக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

அந்த வரி ஒரு வினைச்சொல்லைப் பற்றியது. உடைந்த பலகையொன்றில் குதிரைகளை ஒட்டி அது வருகிறதாம். 'குதிரையைத் தேய்த்துவிடுதல்' என்று பொருள் எழுதி, 'உறுதியில்லை' என்றும் சேர்த்திருந்தார் தொகுத்தவர். தேய்ப்பதா, கழுவுவதா, பிடரிமயிரை வாருவதா என்பது உடைந்த துண்டோடு போய்விட்டது. சொல்லின் பிறப்பும் அப்படித்தான். அவர்களுடைய சொந்தச் சொல்லாக இருக்கலாம், குதிரை பழக்க வந்த அயலாரிடம் வாங்கியதாகவும் இருக்கலாம். 'தெரியவில்லை' என்றே முடித்திருந்தார். இந்தச் சந்தேகங்களை எடுத்துவிட்டால் பக்கம் அழகாக முடியும், தொகுத்தவருக்கு எழுதிக் கேட்கலாம் என்றார் மேனேஜர். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தெரியாத ஒன்றுக்கு எதற்கு இத்தனை இடம்?

சத்தமாகப் பேசாத மேடம் அன்று நேராகவே கேட்டார்: "தெரியாததைத் தெரியும்னு எப்படி சார் போடறது? அந்தக் குதிரையை என்ன பண்ணினான்னு நீங்க பார்த்தேளா?"

வரி அப்படியே நின்றது. ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பிடிவாதமா என்று எனக்கு எரிச்சல்.

பிறகுதான் சங்கதி தெரிந்தது. மேடத்தின் கணவர் ஒரு காலையில் மாட்டுங்கா வீட்டிலிருந்து வேலைக்குக் கிளம்பியவர், திரும்பவே இல்லை. போலீஸ், ஆஸ்பத்திரி, ஜோசியர் என்று எல்லா இடமும் தேடியாயிற்று. வருஷங்கள் ஓடின. காரியம் செய்யாவிட்டால் அண்ணாவின் ஆத்மா அலையும் என்று கணவரின் தம்பி மன்றாடியும் மேடம் சம்மதிக்கவில்லை. குங்குமத்தையும் எடுக்கவில்லை. வந்துவிடுவார் என்றும் அவர் சொன்னதில்லை. அது நம்பிக்கையா, வீம்பா, பிழை பார்த்துப் பார்த்து வந்த பழக்கமா, எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

போன வருஷம் மேடம் இறந்தார். பத்திரிகைக்கு அஞ்சலி விளம்பரம் அமைத்துத் தரும்படி அந்தத் தம்பி என்னைக் கூப்பிட்டார். அவர் போனில் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். கணவரின் பெயர் வந்த இடத்தில், முன்னால் 'காலஞ்சென்ற' போடலாமா என்று கேட்டேன்.

"எனக்கும் தெரியலையேப்பா" என்றார். "நீயே பார்த்துப் போடு."

பெயரை மட்டும் போட்டேன்.

விளம்பரம் வந்த அன்று சாயங்காலம் அவரே கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்றுதான் எடுத்தேன். காலையிலிருந்து சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் போன் செய்து, அண்ணா வந்துவிட்டாரா, எங்கே இருக்கிறார் என்று கேட்டார்களாம்.

"தெரியாது, தெரியாதுன்னு சொல்லியே இந்த ஒரு நாள்ல ஓய்ஞ்சு போயிட்டேன்" என்றார். "மன்னி எப்படிப்பா இதைத் தினம் தினம் சொல்லிண்டிருந்தா?"