கொடிப்பந்தலுக்கு அடியில் ஒரு தொட்டில்

பங்களாமேட்டில் கையில் அட்டையோடு நான் தனியாக நின்ற முதல் நாள், ஒருவர் கிட்டே வந்து போடி பஸ் போய்விட்டதா என்று கேட்டார். கொடி, மைக், கோஷம் எல்லாம் பார்த்துப் பழகிய ஊர் தேனி. இவை எதுவுமில்லாமல் நிற்கிற ஐம்பத்தெட்டு வயதுக்காரன் பஸ்ஸுக்குத்தான் நிற்பான் என்று அவர் நினைத்ததில் தப்பில்லை. "போரில் ஆளைத் தேடும் கருவிக்குக் கண் கொடுத்தவன் நான். அதை நிறுத்துங்கள்" என்று அட்டையில் எழுதியிருந்தேன்.

நான் பயிர்ப் பாதுகாப்பு விஞ்ஞானி. கம்பம் பக்கம் திராட்சைக்கு ட்ரோனில் மருந்தடித்துப் பார்த்த காலத்தில் ஒரு சிக்கல் வந்தது. இங்கே திராட்சை பந்தலில் படரும். மேலிருந்து பார்த்தால் வெறும் இலைதான். அடியில் நின்று குலைகளைக் கத்தரிக்கும் பெண்கள் தெரிய மாட்டார்கள். அப்படி ஒரு பெண்ணின் முகத்தில் மருந்து கொட்டி, கண் எரிந்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதனால் உடம்புச் சூட்டை வைத்து இலைக்கு அடியில் இருக்கும் ஆளைக் கண்டுபிடிக்கக் கேமராவுக்குப் பாடம் சொல்லித்தரும் வேலையில் இறங்கினேன். ஆள் தெரிந்தால் மருந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு தோட்டத்துப் பெண்கள் எனக்காகக் குனிந்தார்கள், உட்கார்ந்தார்கள், "இதுக்கும் கூலி உண்டுல்ல சார்" என்று கேலி பேசியபடி படுத்தும் காட்டினார்கள். கேமரா எல்லோரையும் கண்டுபிடித்தது. ஒன்றை மட்டும் விட்டது. கைப்பிள்ளையோடு வேலைக்கு வருகிறவர்கள் பந்தல் கம்பியில் சேலையைக் கட்டித் தொட்டிலாக்கிப் பிள்ளையைப் போட்டுவிடுவார்கள். துணிக்குள் சுருண்டிருந்த அந்தச் சின்னச் சூட்டைக் கேமரா வெயிலில் காய்ந்த மூட்டை என்று தள்ளிவிட்டது. நான் பதறிப்போனேன். தாயிடம் கேட்டுக்கொண்டு, தொட்டிலை ஆட்டியும் நிறுத்தியும் துணியை மாற்றியும் ஒரு வாரம் அதையே படம் எடுத்தேன். எட்டாம் நாள் கேமரா தொட்டிலைக் கண்டுகொண்டது. எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தேன். என் வேலையில் அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை.

வெளியூர்க் கம்பெனி ஒன்று, விவசாயிகளிடம் கொண்டுசேர்க்கிறோம் என்று அதன் உரிமையைக் கேட்டது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பெரியகுளத்தில் மாந்தோப்பைக் குத்தகைக்கு விடுகிறவன்கூடக் கிளையை ஒடிக்கக் கூடாது என்று எழுதி வாங்குவான். படித்த முட்டாள் எனக்கு அது தோன்றவில்லை.

என்னிடம் படித்து அந்தக் கம்பெனியில் சேர்ந்த பெண் ஒருநாள் போன் செய்தாள்.

"சார், கம்பெனி கை மாறிருச்சு. நாம செஞ்சத இப்ப சண்டை நடக்குற நாட்டுல ஓட்டுறாக. மரத்துக்கு அடியில, கூடாரத்துக்குள்ள இருக்குற ஆளத் தேடுறதுக்கு. ஆள் தெரிஞ்சா நிறுத்துன்னு நாம எழுதுனத மட்டும் மாத்திட்டாக."

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கம்பெனிக்கும் அரசாங்கத்துக்கும் மாறி மாறி எழுதினேன். கம்பெனியின் வக்கீலிடமிருந்து மட்டும் மிரட்டி ஒரு பதில் வந்தது. "கத்தி செஞ்ச கொல்லனையா ஜெயில்ல போடுறாக?" என்று கூட வேலை பார்த்தவர்கள் சமாதானம் சொன்னார்கள். கொல்லன் ஒரு பிள்ளையின் உடம்பை அளவெடுத்துக் கத்தி அடிப்பதில்லை. நான் அளவெடுத்திருந்தேன்.

அதனால்தான் பங்களாமேட்டில் போய் நின்றேன். இரண்டாம் நாள் வந்த போலீஸ்காரர், "அனுமதி வாங்குனீகளா?" என்றார். இல்லை என்றேன். அட்டையைப் படித்துவிட்டு, "எங்கயோ நடக்குற சண்டைக்கு இங்கன நின்னு என்ன சார் ஆகப்போகுது?" என்று கேட்டார். ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எனக்கும் தெரியும். வீட்டில் உட்கார முடியவில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

மூன்றாம் நாள் அந்தத் தொட்டில்காரத் தாய் வந்தார். கேள்விப்பட்டு, கம்பத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். பள்ளிக்கூடச் சீருடையில் பிள்ளையும் கூட இருந்தது.

"எங்க படமெல்லாம் அதுக்குள்ள இருக்கா சார்?"

"இருக்கும்மா."

"எம்புள்ள தொட்டிலு?"

"அதுவும் இருக்கு."

"அத மட்டும் எடுத்துருங்க சார். புள்ள மேல மருந்து படக்கூடாதுன்னுதான அன்னைக்குச் சரின்னேன்."

"மாவுல கரைச்ச உப்பும்மா அது. திரும்ப எடுக்க முடியாது."

அட்டையைப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"அப்ப, அங்கன ஒருத்தி மரத்துல தொட்டில் கட்டுனா, எம்புள்ளைய வச்சுத்தான் அது அடையாளம் கண்டுபிடிக்குமா?"

"ஆமா" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எனக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் மறுபக்கம் நிறுத்திக்கொண்டார். அப்படியே அதை மறைத்தபடி பஸ் ஏறப் போனார்.